ஊசியில் தொடங்குங்கள்: வீட்டு ரெக்கார்டு பிளேயரை மேம்படுத்துவது எப்படி?

ரெக்கார்டு பிளேயர் வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும், இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். உடனே எல்லோரும் போய் நிற்பது ஸ்பீக்கர் கடையில்தான். என் யோசனை நேர் எதிர். இசைத்தட்டிலிருந்து ஊசி எடுக்காமல் விட்ட ஒலியை எந்த ஸ்பீக்கராலும் பிறகு சேர்க்க முடியாது. அதனால் ஊசியில் ஆரம்பித்து ஸ்பீக்கரில் முடிப்போம்.

உதாரணத்துக்கு ஆடியோ டெக்னிகா நிறுவனத்தின் எல்பி120எக்ஸ் பிளேயரை எடுத்துக்கொள்கிறேன். டோன்ஆர்மின் (ஊசியைத் தாங்கும் நீளக் கை) பின்னால் நகர்த்தக்கூடிய எடை உள்ள எந்த பிளேயருக்கும் இதே முறைதான். சூட்கேஸ் மாதிரி மூடி திறக்கும் மலிவு பிளேயர் என்றால் அதில் காசு போடாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் எடையை மாற்ற வழி இருக்காது. ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருந்து ஊசியை அதிர வைக்கும். அந்தப் பணத்தை வேறு பிளேயருக்குச் சேர்த்து வையுங்கள்.

படி 1: சமதளம்

பிளேயரை ஆடாத மேசையில் வைத்து, தட்டு சுழலும் வட்டின் மேல் சின்ன ரசமட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். கால்களைத் திருகிச் சரிசெய்யலாம். ஸ்பீக்கர் அதே மேசையில் இருந்தால் இறக்கிவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை.

படி 2: ஊசியின் எடை

நிதானம் வேண்டிய இடம் இதுதான். இந்த மாடலோடு வரும் விஎம்95இ கார்ட்ரிட்ஜில் (ஊசியின் அசைவை மின்சிக்னலாக மாற்றும் சின்னப் பகுதி) ஊசி தட்டை அழுத்த வேண்டிய எடை 2 கிராம்; 1.8 முதல் 2.2 வரை இருக்கலாம்.

ஆன்டி-ஸ்கேட் குமிழை (ஆர்ம் தட்டின் நடுப்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டுவது) 0-வில் வையுங்கள். ஊசி மூடியைக் கழற்றி, லிப்ட் நெம்புகோலை இறக்கி, ஆர்மைத் தட்டுக்கும் தாங்கிக்கும் நடுவில் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசி எதிலும் படக்கூடாது. பின்னால் உள்ள எடையை மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் ஆர்ம் மேலும் போகாமல் கீழும் சாயாமல் அந்தரத்தில் மிதந்து நிற்கும். அங்கே ஆர்மைத் தாங்கியில் பூட்டி, எடையை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் 0-வுக்குத் திருப்புங்கள். அப்புறம் எடையையும் வளையத்தையும் சேர்த்து, முன்பக்கம் நகரும்படி, 2 வரும் வரை திருப்ப வேண்டும். ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணில் வையுங்கள்.

வளையத்தின் எண்ணை முழுசாக நம்ப வேண்டாம். ஊசி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு இணையத்தில் மலிவாகவே கிடைக்கிறது. எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எடை போதாத ஊசி, ஒலி பதிந்த பள்ளத்துக்குள் குதித்துக் குதித்து ஓடும். தட்டு தேய்வது அதனால்தான் அதிகம்.

படி 3: ஊசியை மாற்றுதல்

கொடுத்த காசுக்கு அதிக மாற்றம் காதில் விழுவது இங்கேதான். தட்டின் கடைசிப் பாட்டில் ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் சீறுகின்றனவா? நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுழலும் எல்பியின் (வழக்கமான பெரிய இசைத்தட்டு) வெளி விளிம்பில் பள்ளம் ஊசியின் கீழே விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் அது சுமார் 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருப்பதால், தடித்த முனையால் அதைச் சரியாகப் படிக்க முடியாது. மைக்ரோலைன் போன்ற மெல்லிய முனை படித்துவிடும்.

விஎம்95 வரிசையில் உள்ள வசதி என்னவென்றால், கார்ட்ரிட்ஜை அப்படியே விட்டுவிட்டு ஊசியை மட்டும் மாற்றலாம். ஹெட்ஷெல்லை (ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் பகுதி) கழற்றிக் கையில் பிடித்து, பழைய ஊசிப் பகுதியைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து இழுத்தால் வந்துவிடும். புதியது ‘கிளிக்’ என்று உட்காரும். அதன் பிறகு படி 2-ஐ மறுபடி செய்யுங்கள். பிளேயரோடு வரும் நீள்வட்ட முனை ஊசிக்குச் சுமார் 300 மணி நேரம் ஆயுள் என்கிறது நிறுவனம், மைக்ரோலைனுக்கு 1000. விலை அதிகம்தான், ஆனால் மூன்று மடங்கு உழைப்பதைக் கணக்கில் எடுங்கள்.

கார்ட்ரிட்ஜையே மாற்றுவதென்றால் வயர் நிறங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. திருகுகளை இறுக்கும் முன், புரோட்ராக்டர் தாளை (கோணம் பார்க்கக் கோடுகள் அச்சிட்டது) வைத்துக் கோணம் பார்க்க வேண்டும். மூவிங் காயில் வகைக்கு (காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் அசையும் கார்ட்ரிட்ஜ்) இப்போதே போகாதீர்கள். அதன் சிக்னல், விஎம்95 போன்ற மூவிங் மேக்னட் வகையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்கேற்ற ப்ரீஆம்பும் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வாங்க வேண்டிவரும்.

படி 4: போனோ ப்ரீஆம்ப்

ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. போதாததற்கு, தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கூர்மையான ஒலியைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாகச் சரிசெய்கிறது. 1950-களின் நடுவிலிருந்து இதற்கு ஆர்ஐஏஏ என்ற பொது அளவு உண்டு.

எல்பி120எக்ஸின் உள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் இருக்கிறது. தனியாக ஒன்று வாங்கினால் பின்னால் உள்ள சுவிட்சை ‘போனோ’வுக்கு மாற்ற மறக்காதீர்கள். ‘லைன்’ நிலையிலேயே விட்டால் சிக்னல் இரண்டு தடவை பெருகி, ஒலி கரகரவென்று உடையும். ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் கேட்டால் முதலில் எர்த் வயரைப் பாருங்கள். அதை ப்ரீஆம்பில் உள்ள எர்த் திருகில் இணைத்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

படி 5: ஸ்பீக்கர்

இவ்வளவும் முடிந்த பிறகு, பழைய ஸ்பீக்கரிலேயே ஒரு மாதம் கேளுங்கள். இன்னும் குறை தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தாத்தா காலத்துத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் பள்ளம் எல்பியைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். வேறு ஊசி கட்டாயம் வேண்டும். எல்பியைச் சுத்தம் செய்யும் ஆல்கஹால் கலந்த திரவத்தை அதன்மேல் ஊற்றவே கூடாது. அந்தத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும்.