டெல்லிக் குளிரில் வைஃபை தடுமாறினால்: வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

டிசம்பர் பாதி தாண்டினால் போதும், டெல்லித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் புகார் வந்துவிடும்: "பனி விழ ஆரம்பிச்சதுலேருந்து நெட்டு சரியில்லை." மயூர் விஹாரில் இருக்கும் என் பெரியம்மாவும் போன மார்கழியில் இதையேதான் சொன்னார். மாதம் முழுக்க விடியற்காலை ஐந்தரைக்கு அவருக்கு ஆன்லைனில் பாசுர வகுப்பு. திருச்சியிலிருந்து ஒரு மாமி நடத்துகிறார். தினமும் ஆறு மணி வாக்கில் மாமியின் முகம் அப்படியே உறைந்து நிற்கும். அப்புறம் மூன்று நிமிடத்துக்கு ஒன்றும் வராது. "ஜன்னல் வழியா பாரு, எதிர் பிளாக்கே தெரியலை. இந்தப் பனியில நெட்டு எப்படிடா வரும்?" என்றார்.

பனி காரணமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எது காரணம் என்பது தெரியவில்லை. இரண்டு நாள் அதிகாலையில் அங்கேயே போய் உட்கார்ந்து கண்டுபிடித்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வைஃபை பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் செய்யலாம். ஒரு போன், ஒரு லேப்டாப், ஒரு நோட்டு இருந்தால் போதும்.

முதலில், மூடுபனியின் மேல் பழி வேண்டாம்

கார் ஹெட்லைட்டே ஊடுருவ முடியாத பனியில் வைஃபை மட்டும் எப்படிப் போகும்? இந்தக் கேள்விக்கு அழகான பதில் உண்டு. மூடுபனியின் நீர்த்துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஒளியின் அலைநீளம் அதைவிடவும் சிறியது. அதனால் ஒளி ஒவ்வொரு துளியிலும் முட்டிச் சிதறிவிடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளமோ சுமார் 12 சென்டிமீட்டர், துளியைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். அவ்வளவு சின்னத் துளி வழியில் இருப்பதே அந்த அலைக்குத் தெரியாது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத அடர்பனியில்கூட ஒரு கன மீட்டர் காற்றில் அரை கிராம் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். 10-க்கு 12 அடி அறை முழுவதும் அந்தப் பனி நிறைந்திருந்தாலும் மொத்தத் தண்ணீர் ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அதே அறையில் உட்கார்ந்திருக்கும் 60 கிலோ மனிதரின் உடம்பில் 30 லிட்டருக்கும் மேல் தண்ணீர் இருக்கிறது. வைஃபையை எது அதிகம் தடுக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

குளிரும் அப்படித்தான். 2021 ஜனவரி 1 காலை டெல்லியின் முக்கிய வானிலை நிலையமான சஃப்தர்ஜங்கில் 1.1 டிகிரி பதிவானது. வீட்டு ரூட்டர்கள் (வைஃபை தரும் பெட்டிகள்) பெரும்பாலும் 0 முதல் 40 டிகிரி வரை வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. வீட்டுக்குள் அவ்வளவு குளிர் வருவதே இல்லை. மழை கொட்டும்போது டிடிஎச்-சில் படம் உறைவதைப் பார்த்துப் பழகியதால்தான் நமக்கு இந்தச் சந்தேகமே வருகிறது. அந்த அலை 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே, பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பெரிய மழைத்துளிகளைத் தாண்டி வருவது. அந்தக் கதை வேறு.

படி 1: மூன்று நாள் நோட்டுப் போடுங்கள்

நெட் நின்ற நேரம், எத்தனை நிமிடம் நின்றது, அப்போது வீட்டில் எது ஓடிக்கொண்டிருந்தது (ஹீட்டர், கீசர், மைக்ரோவேவ்), நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், ரூட்டரில் எந்த விளக்கு எரிந்தது. இவ்வளவுதான். சலிப்பான வேலை போலத் தோன்றும், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பாதி விடை இந்த நோட்டிலேயே வந்துவிடும்.

படி 2: கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா?

விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடித் திறங்கள். பிங் (ping) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு உங்கள் ரூட்டரின் முகவரியை எழுதுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும், ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பார்க்கலாம். மறுபடி ஓர் இடம் விட்டு, ஒரு ஹைஃபனும் ஆங்கில டி எழுத்தும் போட்டு என்டர் தட்டுங்கள். ரூட்டரிடமிருந்து பதில் வரும் நேரம் வரிவரியாக ஓடும். இன்னொரு பிராம்ப்ட்டைத் திறந்து இதேபோல் 8.8.8.8 என்ற முகவரிக்கும் ஓட விடுங்கள். அது வெளியில் இருக்கும் கூகுளின் முகவரி.

ரூட்டரின் பதில் 2, 5 மில்லிசெகண்டில் வந்துகொண்டிருக்க, 8.8.8.8 மட்டும் நின்றுபோனால் கோளாறு வெளியில், நேராகப் படி 6-க்குப் போகலாம். ரூட்டரின் பதிலே 200, 300 என்று தாவினால் வீட்டுக்குள் வைஃபை பலவீனம், படி 4. இரண்டும் ஒரே கணத்தில் நின்றால் எழுந்து போய் ரூட்டரைப் பாருங்கள்.

பெரியம்மா வீட்டில் 6.04-க்கு இரண்டும் ஒன்றாக நின்றன. ஓடிப்போய்ப் பார்த்தால் ரூட்டரில் எல்லா விளக்கும் அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப எரிய ஆரம்பித்திருந்தன. ரூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது! மூன்று நிமிட இடைவெளிக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

படி 3: ரூட்டருக்குப் போகும் மின்சாரம்

ஆறு மணிக்கு என்ன நடக்கிறது? பெரியப்பா எழுந்து ஹீட்டரைப் போடுகிறார். அந்த ஹீட்டரும் ரூட்டரின் அடாப்டரும் சோபாவுக்குப் பின்னால் இருந்த ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். அந்தப் போர்டு 6 ஆம்பியருக்கானது. சோபாவை நகர்த்திப் பார்த்தேன். ஹீட்டர் சொருகியிருந்த துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் டீக்கறை நிறத்தில் பழுத்திருந்தது. கை வைத்தால் சூடு, லேசாகக் கருகல் வாசனை. உள்ளே தகடு தளர்ந்துபோய், ஹீட்டர் இழுக்கும் அந்தக் கணத்தில் தொடர்பு ஒரு நொடி விட்டுச் சேருகிறது. ஹீட்டருக்கு அது ஒன்றுமில்லை, ரூட்டருக்கு அது ஒரு பவர்கட்.

நெட் போனது சின்ன விஷயம். அந்தப் போர்டு ஒருநாள் பற்றிக்கொண்டிருந்தால் என்ற நினைப்பில் எனக்கு அன்று காப்பியே இறங்கவில்லை. உங்கள் வீட்டில் இந்த வரியைப் படித்த கையோடு போய்ப் பார்த்துவிடுங்கள். ஹீட்டர், கீசர், பிளோவர் எல்லாம் சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும். ரூட்டருக்குத் தனிப் பிளக். மின்சாரம் அடிக்கடி போய்வரும் பகுதி என்றால் ரூட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கலாம். வாங்குமுன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 12 இருக்கும், சிலவற்றில் 9 உண்டு. யுபிஎஸ் அதே வோல்ட் தரவேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது.

படி 4: குளிரில் நாம் எங்கே உட்காருகிறோம்

இதுதான் டெல்லிக் குளிர்காலத்தின் பெரிய மாற்றம் என்பது என் கருத்து. வெயில் காலத்தில் எல்லாக் கதவும் திறந்திருக்கும், ஹாலில் இருக்கிற ரூட்டர் எல்லா அறைக்கும் எட்டும். குளிர் வந்ததும் கதவுகளைச் சாத்துகிறோம். ஒருவர் உள்ளறையில் ரஜாய்க்குள், அதாவது கனத்த பஞ்சுப் போர்வைக்குள். இன்னொருவர் மொட்டை மாடியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டே வெயில் காய்ந்தபடி லேப்டாப்பில். ரூட்டர் மட்டும் ஜூன் மாதத்தில் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டு, நீங்கள் உண்மையில் உட்காரும் இடத்தில் சிக்னலைப் பாருங்கள். அளவு மைனஸில் வரும், பூஜ்யத்துக்கு அருகே வர வர நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தாங்கும். மைனஸ் 80 என்றால் திண்டாட்டம்தான்.

ரஜாய் பஞ்சுதான், அது ஒன்றும் செய்யாது. ஆனால் போனை ரஜாய்க்குள் வைத்துக்கொண்டு ரூட்டருக்கு முதுகு காட்டிப் படுத்தால், அந்த 30 லிட்டர் தண்ணீர் குறுக்கே வந்துவிடுகிறது. திரும்பிப் படுத்துப் பாருங்கள், எண் மாறும். இரும்பு பீரோ, ஆயில் ஹீட்டர் போன்ற உலோகச் சாமான்கள் ரூட்டருக்கு முன்னால் இருக்க வேண்டாம். ரூட்டரை ஆளுயரத்துக்கு மேல், வீட்டின் நடுவாக்கில் வையுங்கள். பல ரூட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் செங்கல் சுவரைத் தாண்டச் சிரமப்படும். இரண்டு சுவருக்கு அப்பால் இருந்தால் 2.4-க்கு மாறிக்கொள்வதே மேல்.

படி 5: அக்கம்பக்கம்

குளிரில் எல்லாரும் வீட்டுக்குள். பிளாக் முழுக்க ரூட்டர்கள் ஒரே நேரத்தில் பேசுகின்றன. அதே அனலைசரில் பார்த்து, 2.4-இல் சேனல் (அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதை) 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதை ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் (பிரவுசரில் ரூட்டரின் முகவரியை அடித்தால் திறப்பது) தேர்ந்தெடுங்கள். நடு எண்கள் வேண்டாம், இரண்டு பக்கமும் இடிக்கும். மைக்ரோவேவ் ஓடும்போது 2.4 தடுமாறினால் அந்த நேரத்துக்கு 5-க்கு மாறுங்கள், அடுப்பும் 2.45-இல்தான் ஓடுகிறது.

படி 6: ஜன்னலும் வெளிக் கேபிளும்

நெட்டை ஒளியாகக் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கேபிளான ஃபைபர் உங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது? டெல்லியில் பல வீடுகளில் கூலர் வைத்திருந்த ஜன்னல் சந்து வழியாகத்தான். குளிர் வந்ததும் கூலரை எடுத்துவிட்டு, சந்தில் தெர்மோகோலும் பழைய துணியும் திணித்து ஜன்னலை இறுகச் சாத்துகிறோம். நடுவில் மாட்டிய ஃபைபர் மடங்கினால் உள்ளே ஓடும் ஒளி வளைவில் கசிந்துவிடும். கேபிளை மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் தாராளமாக வளைய விடுங்கள். ஜன்னலில் அழுந்தாமல், முடிந்தால் சுவரில் ஒரு துளை போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஃபைபர் இல்லாமல் மாடியிலிருக்கும் பெட்டியிலிருந்து நீலக் கேபிள் வருகிறதென்றால், பனியின் உண்மையான வேலை அங்கேதான். இரவில் குளிர்ந்த இரும்புப் பெட்டியில் விடிகாலை ஈரம் கோத்து, இணைப்பு முனையில் பச்சைக் களிம்பு பூக்கும். முனையை மாற்றி, கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விடச் சொல்லுங்கள். நீர் அங்கேயே சொட்டிவிடும்.

ரூட்டரில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். சில ரூட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) என்ற எண்ணும் தெரியும். மைனஸ் 15-க்கும் 25-க்கும் இடையில் இருந்தால் நலம், மைனஸ் 27-ஐத் தாண்டினால் இணைப்பு நிற்காது. புகார் சொல்லும்போது "நெட் நஹி சல் ரஹா" (நெட் வேலை செய்யவில்லை) என்று மட்டும் சொன்னால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள். "எல்ஓஎஸ் லால் ஹை, பவர் மைனஸ் 29 ஹை, கல் சுபஹ் 7 பஜே ஸே" (எல்ஓஎஸ் சிவப்பாக இருக்கிறது, பவர் மைனஸ் 29, நேற்றுக் காலை 7 மணியிலிருந்து) என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆள் வரும்போது ஏணியும், ஃபைபரை ஒட்டி இணைக்கும் ஸ்பிளைசிங் பெட்டியும் கையோடு வரும்.