இஞ்சி சோடா: பாட்டில் கல்லாகும்வரை

முதலில் பீர் காய்ச்சத்தான் ஆசைப்பட்டேன். உரிமம் இல்லாமல் காய்ச்சினால் தேனி மாவட்டக் கம்பத்திலும் குற்றம், மலையேறிக் கேரளத்துக் குமுளிக்குப் போனாலும் குற்றம். சரி என்று இஞ்சி சோடாவுக்கு வந்துவிட்டேன். இதிலும் நுரையைக் கொடுப்பது ஈஸ்ட்தான்.

2 லிட்டர் தண்ணீர், 100 கிராம் இஞ்சி, 150 கிராம் மறையூர் வெல்லம், 2 எலுமிச்சை, கால் டீஸ்பூனுக்கும் குறைவாக பேக்கரி ஈஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். குமுளிக் கடையில் ‘சர்க்கரை’ கேட்டால் வெல்லம்தான் கைக்கு வரும். நம் சீனிக்கு அங்கே ‘பஞ்சசார’ என்று பேர்.

இஞ்சியைத் தட்டிப் போட்டு, வெல்லத்தோடு தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். நன்றாக ஆறட்டும். சூட்டோடு போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். விரல் விட்டால் வெதுவெதுப்புகூடத் தெரியக்கூடாது. அப்புறம் வடிகட்டி, எலுமிச்சைச் சாறும் ஈஸ்ட்டும் கலந்து, சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில்களில் ஊற்றுங்கள். மேலே மூன்று விரல் இடம் விட்டு மூடியை இறுக்குங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். வெடித்தால் சில்லு பறக்கும்.

இனிமேல் காத்திருப்புதான். ஈஸ்ட் இனிப்பைத் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் விடும். மூடி இறுகியிருப்பதால் வாயு வெளியே போக வழியில்லாமல் நீரில் கரையும். 1 கிராம் சர்க்கரைக்கு ஏறக்குறைய அரை கிராம் வாயு கிடைக்கும். பீர் காய்ச்சுகிறவர்கள் இனிப்பெல்லாம் தீர்ந்தபிறகு லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரையை அளந்து போட்டு மூடுகிறார்கள். அது தீர்ந்ததும் நுரை ஏறுவதும் தானாக நின்றுவிடும். இரண்டு வாரம் மறந்துவிட்டு இருக்கலாம். நம் பாட்டிலில் லிட்டருக்கு 75 கிராம் வெல்லம் கிடக்கிறது. நல்ல நுரைக்கு 15 கிராமே போதும். மிச்சத்தையும் ஈஸ்ட் விடாது. நிறுத்த வேண்டியது நாம்தான்.

எப்போது நிறுத்துவது? நான் நாள் கணக்கு வைத்துக் கெட்டேன். குமுளியில் சித்தி வீட்டுக் குளிரில் ஒரே நாளில் திறந்தேன். புஸ் சத்தம்கூட இல்லை. “என்னப்பா, இது வெறும் இஞ்சித் தண்ணிதானே?” என்றார் சித்தி. அடுத்த முறை கம்பத்தில், சித்திரை வெயிலில், இரண்டு நாள் விட்டுத் திறந்தேன். பாதி சோடா அடுப்படிக் கூரையில்.

இப்போது கையைத்தான் நம்புகிறேன். காலையும் மாலையும் பாட்டிலை அமுக்கிப் பாருங்கள். ஊற்றிய அன்று பெருவிரல் குழியும். குழியாமல் கல்லு மாதிரி ஆனதும், அந்த நிமிடமே ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். கம்பத்தில் இதற்கு ஒன்றிரண்டு நாள், குமுளியில் மூன்று நாலு நாள் ஆகலாம்.

ஃபிரிட்ஜில் ஒரு முழு நாள் இருக்கட்டும். குளிரில்தான் வாயு நீரில் நன்றாகத் தங்கும். மூடியைக் கால் திருகு திருகி, நுரை எழும்பினால் உடனே இறுக்கி, அடங்கியதும் மறுபடி திருகுங்கள். குளிரிலும் ஈஸ்ட் மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதால் ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். ஆல்கஹால் கொஞ்சம் இருப்பதால் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு எலுமிச்சை சர்பத்துதான்.