மூங்கில் பிளாச்சுகளால் வளைவு அமைக்கும் முறை

மூங்கில் ஒரு புல்வகை. முற்றிய கழிகளை மட்டும் வெட்டித் தூரை விட்டுவைத்தால் அது மீண்டும் தளிர்க்கும் என்பதே, கட்டுமானப் பொருளாக அதை நான் பெரிதும் மதிப்பதற்குக் காரணம். வளைவுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு முற்றிய கழிகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். இளங்கழி எளிதில் வளைந்தாலும் காயும்போது மிகுதியாகச் சுருங்கிவிடும்.

முழுக்கழியின் உட்புறத்தில் ஆப்பு வடிவில் வெட்டி வளைப்பதும் உண்டு. ஆனால் ஒவ்வொரு வெட்டும் நாரை அறுக்கிறது. சுமை தாங்கும் வளைவில் அந்த இழப்பு பெரிது. கழியை நீளவாக்கில் பிளந்து, பிளாச்சுகளை அடுக்கிக் கட்டுவதே சிறந்தது. ஒரு பிளாச்சை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் எவ்வளவு நீளும் என்பதை, தடிப்பை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்து அறியலாம். 10 மி.மீ. தடிப்புள்ள பிளாச்சை 1 மீட்டர் ஆரத்தில் வளைத்தால் நீட்சி 0.5 சதவீதம்; தடிப்பைப் பாதியாக்கினால் நீட்சியும் பாதியாகும். வளையும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொடுக்கும் மெல்லிய பிளாச்சுகள், இறுக்கிக் கட்டியபின் வழுக்க இடமின்றி, ஒரே தடித்த உறுப்பைப்போல் சுமையைத் தாங்குகின்றன.

மூங்கிலின் நார்கள் வெளித்தோலை ஒட்டியே நெருக்கமாக அமைந்துள்ளன. ஆகவே தடிப்பைக் குறைக்க உட்புறத்தை மட்டும் சீவி, வளைக்கும்போது தோல்பக்கம் வெளிவளைவில் இருக்குமாறு வைக்க வேண்டும். மாவுச்சத்தைத் தேடி வரும் வண்டுகளால் மூங்கில் உளுத்துப்போகாமலிருக்க, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் பிளாச்சுகளை ஊறவைத்து, ஈரம் உலருமுன் வளைத்துவிடலாம்.

தரையில் முளைகள் அடித்து வளைவின் வடிவத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விட்டதும் பிளாச்சு சற்று நிமிரும் என்பதால், தேவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வளைக்க வேண்டும். கூர்மையான வளைவுக்கு மட்டும் தணலில் காட்டி, தோல் கருகாதபடி இடைவிடாமல் நகர்த்தி, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும்.

பிளாச்சுகளின் முனைகளும் கணுக்களும் ஒரே இடத்தில் சேராதவாறு மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஆணி அடித்தால் மூங்கில் பிளந்துவிடும். துளையிட்டு முளை செருகிக் கயிற்றால் கட்டுவதே உறுதியானது. இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள கிரீன் ஸ்கூல் என்னும் பள்ளியில் 2021இல் கட்டி முடிக்கப்பட்ட கூடத்தின் 14 மீட்டர் உயர மூங்கில் வளைவுகள், நடுத்தூண் இல்லாமலே 19 மீட்டர் அகலத்தைத் தாண்டி நிற்கின்றன.

சுமை ஏறியதும் வளைவின் கால்கள் வெளிப்புறமாக நகர முயலும் என்பதால் அடித்தளம் அந்த உந்துதலைத் தாங்க வேண்டும். கால்கள் மண்ணைத் தொடாமல் கல் அல்லது கான்கிரீட் பீடத்தின்மேல் நிற்பதும், கூரை அவற்றுக்கு அப்பால் நீண்டு மழைநீரைத் தடுப்பதும் கட்டாயம். மூங்கில் காய்ந்து சுருங்கும்போது கட்டுகள் தளரும். நன்கு காய்ந்தபின் அவை அனைத்தையும் ஒருமுறை அவிழ்த்து மீண்டும் இறுக்க வேண்டும்.