விக்சனரியில் சொல் சேர்க்கிறீர்களா? ‘ஆறு’ பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய இணைய அகராதிதான் விக்சனரி. தமிழ் விக்சனரிக்குப் புதிதாக எழுத வருபவர்கள் சொற்பொருளில் அவ்வளவாகத் தவறுவதில்லை. எதன் கீழே எது வரவேண்டும் என்பதில்தான் ஆளுக்கொரு வழியில் போய்விடுகிறார்கள். அச்சு அகராதிக்குப் பதிப்பாசிரியர் இருப்பார், எல்லாவற்றையும் ஒரே சீராக்கிவிடுவார். இங்கே அந்த வேலையையும் நாம்தான் பார்க்கவேண்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு பக்கம்தான், அதே எழுத்துகள் எத்தனை மொழியில் வந்தாலும் எல்லாம் அந்த ஒரே பக்கத்துக்குள் வரவேண்டும். தேவநாகரியில் ‘சிக்ஷா’ என்று எழுதினால் இந்தியில் கல்வி, மராத்தியில் தண்டனை. மொழித் தலைப்பு போடாமல் ‘கல்வி, தண்டனை’ என்று அடுத்தடுத்து எழுதிவிட்டால் இந்தி படிக்கிறவருக்கும் குழப்பம், மராத்தி படிக்கிறவருக்கும் குழப்பம். அதனால் மொழியின் பெயர் இரண்டு சமக்குறிகளுக்கு நடுவே, ==இந்தி== என்று முதலில் வரட்டும். சொல்வகை அதற்கடுத்த நிலை, அதற்கு மூன்று சமக்குறி. ஒரு மொழி முழுவதும் முடிந்த பிறகு அடுத்த மொழிக்குப் போங்கள். தலைப்பைத் தடித்த எழுத்தில் எழுதிவிட்டு விடாதீர்கள், பார்க்கத் தலைப்பு மாதிரி இருந்தாலும் உள்ளடக்கப் பட்டியலில் அது வராது.

சரி, இப்போது ‘ஆறு’. நதி ஒரு பொருள், வழி இன்னொன்று, எண் ஆறு வேறு, காபி ஆறுவதும் புண் ஆறுவதும் வினை. பெயர், எண், வினை மூன்றுக்கும் தனித்தனித் துணைத்தலைப்பு போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் பொருளை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு எழுதவேண்டும். எண்ணைக் கையால் தட்டாமல் வரியின் தொடக்கத்தில் # போட்டால் அதுவே எண்ணிக்கொள்ளும்.

நான் அதிகம் திருத்துவது மொழிபெயர்ப்புப் பகுதியைத்தான். ‘ஆங்கிலம்: ரிவர், சிக்ஸ், கூல்’ என்று ஒரே வரியில் கொட்டிவிடுகிறார்கள், எது எதற்கு என்று தமிழ் தெரியாதவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ‘1: ரிவர், 2: சிக்ஸ்’ என்று எண் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நாளைக்கு ஒருவர் நடுவில் புதிய பொருள் ஒன்றைச் சேர்த்ததும் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும், மொழிபெயர்ப்போ பழைய எண்ணிலேயே நிற்கும். எண்ணுக்குப் பதிலாகப் பொருளையே சுருக்கமாக எழுதுங்கள்: ‘நீரோட்டம்’ என்று போட்டு அதன் கீழே ரிவர், ‘எண்’ என்று போட்டு அதன் கீழே சிக்ஸ். மலையாளத்தில் இரண்டுக்குமே ஆறு என்றுதான் சொல்வார்கள், அதையும் இரண்டு இடத்திலும் தனித்தனியாக எழுதத்தான் வேண்டும்.

வினைச்சொல்லுக்கு எந்த வடிவத்தைத் தலைச்சொல்லாக வைப்பது என்பதில் பழைய அகராதிகளுக்கும் புதியவற்றுக்கும் வேறுபாடு உண்டு. 1924 முதல் 1936 வரை வெளியான சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி வினைகளை -தல், -த்தல் என்ற ஈற்றோடு தருகிறது, அதனால் தூசி படிதலும் புத்தகம் படித்தலும் பார்த்ததுமே பிரிந்துவிடும். வெறும் ‘படி’ என்று வைத்தால் ‘படிகிறது, படிந்தது’, ‘படிக்கிறது, படித்தது’ என்று இரண்டு வரிசையையும் காட்டியாகவேண்டும். எந்த முறையானாலும் சரி, ஏற்கெனவே இருக்கும் பத்து வினைப் பதிவுகளைத் திறந்து பார்த்து அதன்படியே போங்கள். விளக்கமும் தலைச்சொல்லின் வடிவத்திலேயே இருக்கட்டும்: ‘படித்தல்’ என்றால் ‘வாசித்தல்’, ‘வாசிக்கிறான்’ வேண்டாம்.

வட்டார வழக்கைத் தயவுசெய்து குறிப்பிடுங்கள். ‘கதிரை’ என்பது போர்த்துகீசியத்திலிருந்து வந்து இலங்கைத் தமிழில் நாற்காலிக்கு வழங்கும் சொல். பொருளுக்கு முன்னால் ‘இலங்கை வழக்கு’ என்று போட்டால், அங்கே உள்ளவர்களுக்குத் தம் சொல் பதிவாகியிருக்கிறது என்று தெரியும், இங்கே உள்ளவர்களுக்கும் குழப்பம் இராது. ‘கொச்சை’ என்று எழுதிவிடாதீர்கள், அது தவறு மட்டுமல்ல, மனம் நோகவும் செய்யும்.

அப்புறம், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல். ‘ஔவை’ என்பதை ஔ என்ற ஒரே எழுத்தால் தொடங்கவேண்டும், நிறையப் பேர் ஒ போட்டுப் பக்கத்தில் ள போடுகிறார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு சொல், ஆகவே வெவ்வேறு பக்கம். ‘ரி’ என்ற எழுத்தைத் துணைக்காலில் கொக்கி போட்டு எழுதுவதும் அப்படித்தான். ‘ஸ்ரீ’ இன்னும் மோசம், அதை இரண்டு விதமாகத் தட்டலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். வேறு இடத்திலிருந்து தலைப்பை ஒட்டாமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள், பிறகு அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் தொடங்குங்கள்.

சேமிக்கும் முன் முன்தோற்றம் பாருங்கள். சேமித்த பிறகு பக்கத்தின் அடியில் பகுப்பை, அதாவது உங்கள் சொல் எந்த வகைப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். அது சிவப்பு நிறத்தில் இருந்தால் அந்தப் பெயரில் பகுப்புப் பக்கம் இன்னும் இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ‘பெயர்ச்சொற்கள்’ என்று வேண்டிய இடத்தில் ‘பெயர் சொற்கள்’ என்று விழுந்திருக்கும். ஒரு இடைவெளியை எடுத்து ஒரு ச் சேர்த்தால் உங்கள் சொல் தன் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துவிடும்.