தாளவாடிக் குளிரில் தக்காளியும் லெட்டூஸும்

தாளவாடி, பர்கூர், ஏற்காடு பக்கம் வீட்டுத் தோட்டம் போடுபவர்களுக்கு இது. காலையில் பனி, மதியம் சுள்ளென்று வெயில், சாயங்காலம் திடீர் மழை என்றிருக்கும் ஊரில் தக்காளியையும் லெட்டூஸையும் ஒரே மாதிரி கவனித்தால் இரண்டும் வராது.

தக்காளி நாற்றைக் குழித்தட்டில் வளர்த்து, நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைப் பாதிவரை மண்ணுக்குள் இறக்குங்கள், புதைந்த தண்டிலும் வேர் பிடிக்கும். ராத்திரி 13 டிகிரிக்குக் கீழே போனால் பூ கொட்டும். அதற்கு உரத்தைக் கொட்டிப் பயனில்லை, பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் சுவரோரமாக நடுவதும், பெரிய ரகத்துக்குப் பதில் செர்ரி தக்காளி போடுவதும்தான் வழி.

தக்காளிக்கு உண்மையான தலைவலி இலைக்கருகல் நோய். குளிரும் ஈரமும் சேர்ந்தால், இலையில் தண்ணீர் கோத்த மாதிரி கரும்பச்சைத் திட்டு விழும், திருப்பினால் விளிம்பில் வெள்ளைப் பூசணம் தெரியும். அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடவே கூடாது. குச்சி கட்டி, தரையைத் தொடும் இலைகளை எடுத்து, காலையில் வேரில் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

லெட்டூஸ் சுலபம். விதைக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். வெயில் ஏறினால் பூத்தண்டு விட்டுக் கசந்துவிடும்; பங்குனியில் நிழல்வலை கட்டுங்கள். வெளி இலைகளை மட்டும் பறித்தால் நடுக்குருத்து வந்துகொண்டே இருக்கும். அப்புறம், மழை விட்ட ராத்திரியில் டார்ச்சோடு ஒரு சுற்று போய் நத்தைகளைப் பொறுக்கிவிடுங்கள்.