மூன்று புள்ளிக்குள் மறையும் வினைச்சொல்: சிறிய ஃபோன் திரைக்கான வலைப்பக்கங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்து பொடியாக இருக்கக் கூடாது, பட்டன்கள் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதையெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்ப விழும் பள்ளங்கள் வேறு. அவற்றில் ஒன்று, இன்றும் பார்த்தவுடன் எரிச்சலூட்டுகிறது.

வரியை வெட்டி மூன்று புள்ளி வைப்பது

320 பிக்சல் அகலத்தில் வரி நிறைந்ததும், மிச்சத்தை மறைத்து '…' போடும்படி சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் மொழி) எழுதிவிடுகிறார்கள். 'நோ ரீஃபண்ட்' என்ற ஆங்கில மாதிரி வாசகம் இதைத் தாங்கும். மறுப்பு அங்கே முதல் சொல். தமிழில் வினை கடைசியில் வரும், மறுப்பு அந்த வினையின் வாலில் இருக்கும். 'ரத்து செய்தால் கட்டணம் திருப்பித் தரப்படும்', 'ரத்து செய்தால் கட்டணம் திருப்பித் தரப்படாது' இரண்டையும் வெட்டினால் கிடைப்பது ஒன்றே: 'ரத்து செய்தால் கட்டணம் திருப்…'. பேருந்து முன்பதிவுப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தால், பணம் கட்டிய பயணிக்கு உண்மை தெரிவது ரத்து செய்யும் நாளில்தான்.

நிரலில் எண்ணி வெட்டுவது இன்னும் மோசம். நம் கண்ணுக்கு 'தமிழ்' மூன்று எழுத்து; இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழிக்கு ஐந்து. நான்கில் வெட்டினால் புள்ளி உதிர்ந்து 'தமிழ' என்று நிற்கும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்ட்ல்.செக்மென்டர் (Intl.Segmenter) கொண்டு முழு எழுத்துகளாகப் பிரித்து வெட்டுங்கள்.

கட்டணம், நிபந்தனை, பிழைச் செய்தி, பட்டன் ஆகியவற்றை எந்த நிலையிலும் வெட்டக் கூடாது; அடுத்த வரிக்கு மடங்க விடுங்கள். பெட்டிக்கு நிலையான உயரம் கொடுக்காமல் குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுங்கள். வரி உயரம் எழுத்தளவைப் போல 1.5 மடங்காவது இருக்கட்டும். 1.2 வைத்து, வழிவதையும் மறைத்தால், 'கீ'யின் தலையும் 'கூ'வின் அடியும் வெட்டுப்படலாம். இடம் நிஜமாகவே இல்லையென்றால் வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்: 'திருப்பித் தரப்படாது: ரத்து செய்த டிக்கெட்டின் கட்டணம்'.

ஒரே வரிசையில் மூன்று பட்டன்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 320 பிக்சலில் இரு ஓரமும் 16, இடைவெளிகள் இரண்டும் 8 என்றால், ஒரு பட்டனுக்கு 90. உள்ளே இருபுறமும் 12 விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 66. 'சமர்ப்பிக்கவும்' அதில் அடங்காது. 'அனுப்பு' என்று எழுதுங்கள், அல்லது பட்டன்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள்.

பெரிதாக்குவதைத் தடுப்பது

உள்ளீட்டுக் கட்டத்தில் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால், தொட்டவுடன் ஐஃபோன் சஃபாரி பக்கத்தைப் பெரிதாக்கும். அது தொல்லை என்று வியூபோர்ட் டேக்கில் (பக்கம் திரையில் எந்த அளவில் தெரிய வேண்டும் என்று சொல்லும் வரி) பெரிதாக்கும் வசதியையே அடைத்துவிடுகிறார்கள். பார்வை குறைந்தவர் அதோடு வெளியேற்றப்படுகிறார். எழுத்தை 16 ஆக்கினால் போதும், தொல்லை தீர்ந்துவிடும்.

'320 பிக்சல் ஃபோன் இப்போது யாரிடம் இருக்கிறது?'

1280 பிக்சல் கணினித் திரையை 400 விழுக்காடு பெரிதாக்கிப் படிப்பவருக்கும் கிடைப்பது 320தான். 2018இல் வந்த வலை அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி (WCAG) 2.1 அந்த அகலத்தைக் கேட்பது இதற்காகத்தான்.

ஒட்டியே நிற்கும் பட்டைகள்

பக்கத்தை நகர்த்தினாலும் நகராத பட்டை மேலே 56 பிக்சல், கீழே 56. படுக்கை வாக்கில் 320 உயரமே உள்ள ஃபோனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. கீபோர்டு இன்னும் திறக்கவில்லை.

100 விஹெச்

திரையின் முழு உயரம் என்று சொல்லும் சிஎஸ்எஸ் அளவு (100vh) இது. ஆனால் உலாவியின் முகவரிப் பட்டை தெரியும்போது கடைசி பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். அந்தப் பட்டைக்கு ஏற்ப மாறும் டிவிஹெச் (dvh) எழுதுங்கள்.