நீரிலிருந்து ஹைட்ரஜன்: மலிவு வினையூக்கியைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் கண்காட்சிக்காக நீரை மின்பகுத்து ஹைட்ரஜன் எடுக்க முனையும் மாணவர்களின் கைக்கு முதலில் எட்டுபவை சமையல் உப்பும் இரண்டு எவர்சில்வர் கரண்டிகளும்தான். இவற்றைச் சேர்க்கவே கூடாது. உப்பு நீரில் மின்சாரம் பாய்ந்தால் நேர்மின்முனையில் குளோரினும் கிளம்பும். நுரையீரலைப் புண்ணாக்கும் நச்சு வாயு அது. எவர்சில்வரும் கரையும். நல்ல பாத்திர எஃகில் குரோமியம் ஏறத்தாழ 18 சதவீதம். தெளிந்த நீர் மஞ்சளாகிப் பழுப்புச் சேறு தங்கும். அந்த மஞ்சளில் புற்றுநோயை உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கக்கூடும். குரோமேட் ஆலைக் கழிவு ராணிப்பேட்டையின் நிலத்தடி நீரை என்ன செய்தது என்று அறிந்த நாம், அதே நஞ்சைப் பள்ளிச் சாக்கடையில் ஊற்றலாமா?

உப்புக்குப் பதில் நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரமும், கரண்டிக்குப் பதில் வினையூக்கியாக, அதாவது தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருளாக, நிக்கல் வலையும் போதும். காரம் கண்ணைக் கெடுக்கும். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, ஆசிரியரின் மேற்பார்வை மூன்றும் கட்டாயம். போர்வெல் நீரும் வேண்டாம். வேலூர்ப் பக்கத்துக் கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் எதிர்மின்முனையில் வெள்ளைப் படிவமாக ஒட்டி வினையூக்கியை மூடிவிடும். காய்ச்சி வடித்த நீரே சரி.

அலுமினியத் தாளைக் காரத்தில் போட்டாலும் ஹைட்ரஜன் பொங்கும். ஆனால் அங்கே அலுமினியம் தானே கரைந்து தீர்கிறது. செலவாகிப் போகும் பொருளை வினையூக்கி என்பது பிழை.

காட்பாடி, வேலூர்க் கல்லூரிகளில் ஆய்வு செய்வோருக்கு வரும் தவறுகள் நுட்பமானவை. அவற்றைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். விலையுயர்ந்த வினையூக்கியான பிளாட்டினத்தை ஒழிக்க நிக்கல்-மாலிப்டினம் கலவையைச் சோதிக்கிறார்கள். எதிரே இணை மின்முனையாகப் பிளாட்டினக் கம்பியையே நிறுத்துகிறார்கள். அது துளித்துளியாகக் கரைந்து வந்து நிக்கலின் மேல் படிகிறது. நேரம் ஆக ஆகத் திறன் கூடுவதுபோல் தோன்றும். உழைப்பது களவாக வந்த பிளாட்டினம். கரித்தண்டை நிறுத்தினால் இந்த ஏமாற்றம் இல்லை.

ஆக்சிஜன் வெளிவரும் நேர்மின்முனைப் பக்கத்தில் இரும்பு இதே வேலையைச் செய்கிறது. கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரும்பு மாசு இருக்கும். நிக்கல் ஹைட்ராக்சைடு அதை உறிஞ்சிப் பன்மடங்கு சுறுசுறுப்பாகிவிடும். 2014-இல் வெளியான ஆய்வொன்று, இரும்பை நீக்கிய கரைசலில் வெறும் நிக்கல் எவ்வளவு மந்தம் என்று காட்டியது. காரத்தைச் சுத்திகரிக்காமல் பெருமை முழுவதையும் நிக்கலுக்குக் கொடுப்பது நியாயமல்ல.

குமிழிகளின் எண்ணிக்கையும் சான்றாகாது. அளவுக் குழாயில் ஹைட்ரஜனைத் தனியாகப் பிடித்து அளவிடுங்கள். 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் நம் ஊர் 35 டிகிரி வெயிலில் சுமார் 0.47 லிட்டர் வர வேண்டும். வெகுவாகக் குறைந்தால் குழாய் கசிகிறதா, வேறு வினை மின்சாரத்தைத் தின்கிறதா என்று பாருங்கள். இரு வாயுக்களையும் ஒரே குடுவையில் சேர்க்காதீர்கள். சிறு பொறி பட்டாலும் வெடிக்கும்.